27 சுற்று: நியூபோர்ட் 1956-இல் எலிங்டன் குழு வாசித்ததை எப்படிக் கேட்பது, ஏன் இரண்டு பதிவுகள் இருக்கின்றன

அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளரும் பியானோக் கலைஞருமான டியூக் எலிங்டன் 1956 நியூபோர்ட் ஜாஸ் விழாவில் தன் குழுவோடு வாசித்தார். 'எலிங்டன் அட் நியூபோர்ட்' என்று தேடினால் இரண்டு ஆல்பங்கள் வந்து நிற்கும். ஒன்று 1956-இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட எல்.பி. தட்டின் பிரதி. இன்னொன்று 1999-இல் 'கம்ப்ளீட்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டு வந்த இரட்டைக் குறுந்தகடு. ஊர், குழு, ஆண்டு எல்லாம் ஒன்றுதான். ஆனால் கேட்கும்போது ஒன்றுபோல இல்லை. பழையதில் சாக்ஸபோன் எங்கோ தள்ளி நின்று ஒலிக்கிறது, புதியதில் முன்னால் வந்து நிற்கிறது. பழையதில் கைதட்டல் கேட்கும் சில பாட்டுகளுக்கு, புதியதில் வேறொரு வாசிப்பு இருக்கிறது. சில உருப்படிகள் புதியதில் இரண்டு முறை வருகின்றன.

புதிதாகக் கேட்க வருகிறவர் இங்கேயே குழம்பிப்போகிறார். எது அன்றைய கச்சேரி? அதிலும் எல்லோரும் சிலாகிக்கும் அந்தப் 14 நிமிட உருப்படியில் அப்படி என்னதான் இருக்கிறது? ஒரே ஆள், ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிப்பதாகத்தானே தோன்றுகிறது? இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால்தான் முதல் கேள்வி ஏன் முக்கியம் என்பது விளங்கும். அதனால் குழுவிலிருந்தே தொடங்குவோம்.

மேடையில் யார் யார்

பிக் பேண்ட் என்பது மூன்று காற்றுக்கருவி வரிசைகளும் ஒரு தாளப் பிரிவும் சேர்ந்தது. டிரம்பெட் வரிசை, டிராம்போன் வரிசை, சாக்ஸபோன் வரிசை ஆகியவை முன்னால் அடுக்காக உட்கார, பியானோ, பேஸ், டிரம்ஸ் பக்கத்தில் இருக்கும். 1956 ஜூலை 7, சனிக்கிழமை இரவு, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நியூபோர்ட் ஊரின் ஃப்ரீபாடி பூங்காவில் இருந்தவர்கள் 15 பேர்:

1. டிரம்பெட் 4: கேட் ஆண்டர்சன், வில்லி குக், ரே நான்ஸ், கிளார்க் டெரி.
2. டிராம்போன் 3: குவென்டின் ஜாக்சன், ஜான் சாண்டர்ஸ், பிரிட் உட்மன்.
3. சாக்ஸபோன் 5: ஜானி ஹாட்ஜஸ், ரஸ்ஸல் ப்ரோகோப் (இருவரும் ஆல்ட்டோ), பால் கொன்சால்வஸ், ஜிம்மி ஹாமில்டன் (இருவரும் டெனர்), ஹாரி கார்னி (பாரிட்டோன்). ஆல்ட்டோவைவிட டெனர் தாழ்ந்த ஒலி, பாரிட்டோன் அதைவிடத் தாழ்ந்தது. ப்ரோகோப்பும் ஹாமில்டனும் கிளாரினெட்டும் வாசிப்பார்கள்.
4. தாளப் பிரிவு 3: பியானோவில் எலிங்டன், பேஸில் ஜிம்மி வுட், டிரம்ஸில் சாம் வுட்யார்ட்.

பெயர்களைப் பட்டியலிட்டதற்குக் காரணம் உண்டு. வேறு பல குழுக்களில் 'இரண்டாம் டெனர்' என்பது ஒரு நாற்காலி. அதில் இன்று ஒருவர், நாளை இன்னொருவர். எலிங்டன் நாற்காலிக்கு எழுதவில்லை, ஆளுக்கு எழுதினார். ஹாட்ஜஸ் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வார். நம் காதுக்கு அது ஜாருவாகவே படும். அந்த வழுக்கலுக்கு இடம் விட்டு மெட்டு அமைத்தார் எலிங்டன். கார்னி 1927-லேயே குழுவில் சேர்ந்தவர். மூச்சை இடையில் விடாமல், மூக்கால் இழுத்து வாயால் ஊதி, ஒரே சுரத்தை நீளமாக நிறுத்தக் கூடியவர். பாரிட்டோனை எப்போதும் அடிச்சுரத்திலேயே கட்டிப்போடாமல், கார்டின், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டத்தின், நடுவிலோ உரசலான சுரத்திலோ அவரை நிறுத்துவது எலிங்டனின் வழக்கம். ஐந்து சாக்ஸபோன் சேர்ந்து ஒலிக்கும்போது வரும் அந்தக் கனத்த, சற்றே புகைபடிந்த நிறம் அங்கிருந்துதான் வருகிறது. ஜாக்சனின் டிராம்போன் ஆள் பேசுவதுபோல முனகும். குழாய் அடைப்பு எடுக்கும் ரப்பர்க் கிண்ணத்தைக் கருவியின் மணிபோல் விரிந்த வாயில் வைத்து மூடித் திறப்பதால் வரும் ஒலி அது. கேட் ஆண்டர்சன் டிரம்பெட்டின் உச்சத்துக்கும் மேலே ஏறக்கூடியவர். அவரைக் கடைசிவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

12 பார் ப்ளூஸ்: விரல் கணுவில் எண்ணுவது

அன்றைய அந்த உருப்படியின் பெயர் 'டிமினுவெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் ப்ளூ'. அதன் அடிப்படை ப்ளூஸ். ப்ளூஸ் என்றால் சோகப் பாட்டு என்று மட்டும் பொருள் இல்லை. இசைக்கலைஞர்கள் அச்சொல்லைச் சொன்னால் பெரும்பாலும் ஒரு வடிவத்தைக் குறிக்கிறார்கள். 4 தட்டு சேர்ந்தால் ஒரு பார், 12 பார் சேர்ந்தால் ஒரு சுற்று. அந்தச் சுற்றைத்தான் அவர்கள் கோரஸ் என்பார்கள். ஒரு சுற்றுக்கு 48 தட்டு. ஆவர்த்தனம் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: இங்கே சுற்று நகரும்போது அடியில் கார்டும் மாறிக்கொண்டே போகும்.

இதை எண்ண விரல் கணுவே போதும். கட்டைவிரலை விட்டுவிட்டால் மற்ற நான்கு விரல்களில் மும்மூன்று கணு, மொத்தம் 12. ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டுவிரல் நோக்கி, வரிசை வரிசையாகக் கட்டைவிரலால் தொட்டுப் போங்கள்.

1. மேல்கணு வரிசை, 4 பார்: சட்ஜத்தின் மேல் நிற்கும் கார்டு. பாட்டு வீட்டில் இருக்கிறது.
2. நடுக்கணு வரிசை, 4 பார்: முதல் இரண்டு கணுவில் மத்திமத்தின் கார்டு, அடுத்த இரண்டில் மறுபடி சட்ஜம். திண்ணை வரை போய்த் திரும்புகிறது.
3. அடிக்கணு வரிசை, 4 பார்: முதல் இரண்டு கணுவில் பஞ்சமத்தின் பக்கம் இழுப்பு, கடைசி இரண்டில் சட்ஜத்துக்கு வந்து சேர்தல்.

சுண்டுவிரலின் அடிக்கணு முடிந்ததும் மறுபடி ஆள்காட்டி விரலின் மேல்கணு. அந்த இடத்தில் சுற்று புதிதாகத் தொடங்குகிறது என்பதைக் காது தானாகவே உணரும். வேகம் நிமிடத்துக்கு 200 தட்டைத் தாண்டியது. ஆகவே ஒரு கணுவுக்கு ஒரு விநாடிக்குச் சற்று மேல், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 14 விநாடி. முதல் முறை விரல் பின்தங்கும். அப்போது துரத்திப் பிடிக்க முயலாதீர்கள். அடுத்த சுற்றின் தொடக்கம் வரும் வரை நிறுத்தி, அங்கிருந்து சேர்ந்துகொள்ளுங்கள்.

இரண்டு துண்டு, நடுவில் ஓர் இடைவெளி

எலிங்டன் இதை 1937-இல் எழுதினார். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். எனவே 'டிமினுவெண்டோ' ஒரு பக்கம், 'கிரெசெண்டோ' மறுபக்கம். பெயரே அமைப்பைச் சொல்கிறது: முதல் துண்டு முழுக் குழுவின் உரத்த ஒலியில் தொடங்கிப் படிப்படியாக மெலிகிறது, இரண்டாவது மெல்லத் தொடங்கி உச்சத்துக்கு ஏறுகிறது. முதல் துண்டில் சுருதி இடம் பலமுறை மாறும். டிரம்பெட்டும் டிராம்போனும் ஒன்றைச் சொல்ல, சாக்ஸபோன்கள் குறுக்கிட்டுப் பதில் சொல்லும். பேச்சு முடியும் இடமும் பார் முடியும் இடமும் ஒன்றாக இருக்காது. விரல் கணு கணக்கு இங்கே தப்பிப் போகலாம். அது உங்கள் பிழை அல்ல, எழுதியவரின் கைவேலை. இந்தப் பகுதியில் எண்ணுவதை விட்டுவிட்டு வரிசைகள் மோதிக்கொள்வதைக் கேளுங்கள்.

தட்டில் இரண்டு பக்கமாக இருந்ததை மேடையில் சேர்த்து வாசிக்கும்போது நடுவில் ஒரு பாலம் தேவைப்பட்டது. ஒரு காலத்தில் வேறொரு உருப்படியை அந்த இடத்தில் செருகினார்கள். 1950-இல் குழுவுக்கு வந்த கொன்சால்வஸ் அந்த இடத்தில் டெனர் சாக்ஸபோனில் சோலோ, அதாவது தனி வாசிப்பு, வாசிப்பதும் நியூபோர்ட்டுக்கு முன்பே நடந்திருக்கிறது. பெரிய ஒத்திகை எதுவும் இல்லை. தாளப் பிரிவை மட்டும் வைத்துக்கொண்டு ப்ளூஸ் சுற்றில் வாசி, நிறுத்தும்போது நாங்கள் உள்ளே வருகிறோம், அவ்வளவுதான் ஏற்பாடு.

அந்த இரவுக்கு முன் நிலைமை

1956-இல் பிக் பேண்ட் தேய்ந்துகொண்டிருந்த வடிவம். காரணங்கள் பல. 15 பேருக்குச் சம்பளம், பஸ், ஓட்டல் என்று வாரம் தவறாமல் கொடுக்க வேண்டும். 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் தொடங்கிய ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் 1944 வரை இழுத்தது. அந்த இடைவெளியில் சங்கத்துக்குக் கட்டுப்படாத பாடகர்கள் முன்னுக்கு வந்தார்கள். 1944-இல் ஆட்டபாட்டம் உள்ள விடுதிகளுக்கு அமெரிக்க அரசு 30 சதவீத வரி விதித்தது. பிறகு 20 சதவீதமாகக் குறைந்தாலும் நடன அரங்குகள் அதற்குள் அடிபட்டுவிட்டன. இன்னொரு புகழ்பெற்ற பிக் பேண்ட் தலைவரான கவுன்ட் பேஸி 1950-இல் பெரிய குழுவைக் கலைத்துச் சிறு குழுவோடு சில காலம் ஓட்டினார். எலிங்டன் கலைக்கவில்லை. தான் எழுதிய பாட்டுகளின் ராயல்டி பணத்தைக் குழுவின் சம்பளத்தில் போட்டார். 1955 கோடையில் நியூயார்க்கின் ஃப்ளஷிங்கில் ஒரு நீர்விளையாட்டுக் காட்சிக்குப் பின்னணி வாசிக்கும் வேலையைக்கூட ஏற்றார். அப்போது அவருக்கு வயது 56. நியூயார்க்கின் 'காட்டன் கிளப்' இரவு விடுதி நாட்களிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டு மேடையில் இருந்தவர் எந்த நிலைக்கு வந்திருந்தார் என்பது இதிலிருந்து தெரியும்.

நியூபோர்ட் விழாவிலும் தொடக்கம் சரியாக அமையவில்லை. மாலை எட்டரை மணியளவில் முதல் முறை மேடை ஏறியபோது குழுவில் நான்கு பேரைக் காணவில்லை. ஓரிரு உருப்படியோடு இறங்கிவிட்டார்கள். அதன்பின் மற்றக் குழுக்கள் வாசித்து முடித்து, எலிங்டன் குழு மறுபடி ஏறும்போது நேரம் நள்ளிரவை நெருங்கியிருந்தது. கூட்டத்தில் சிலர் எழுந்து போகத் தொடங்கியிருந்தார்கள். விழாவுக்கென்று எலிங்டனும் அவருடைய இசையமைப்புக் கூட்டாளி பில்லி ஸ்ட்ரேஹார்னும் எழுதிய, மூன்று பகுதி கொண்ட 'ஃபெஸ்டிவல் ஸ்வீட்' என்ற தொடர் இசையை வாசித்தார்கள். மரியாதையான கைதட்டல் கிடைத்தது. பிறகு கார்னியின் சோலோவோடு 'சோஃபிஸ்டிகேட்டட் லேடி', இன்னொரு பாட்டு. அதற்கு அடுத்துத்தான் இது.

14 நிமிடங்கள், அடுக்கடுக்காக

1. எலிங்டன் பியானோவில் நான்கு சுற்று. இரண்டாவது சுற்றிலேயே வுட்டும் வுட்யார்டும் கால் ஊன்றிவிடுகிறார்கள். வேகம் இங்கே நிர்ணயமாகிறது.
2. 'டிமினுவெண்டோ'. முழுக் குழு, ஏறத்தாழ மூன்று நிமிடம். உரக்கத் தொடங்கி வடிகிறது.
3. மறுபடி பியானோ, இரண்டு சுற்று. சாக்ஸபோனுக்கு வாசல் திறப்பு.
4. கொன்சால்வஸ், 27 சுற்று.
5. பியானோ இரண்டு சுற்று. கூட்டம் இரைந்துகொண்டே இருக்கும்.
6. 'கிரெசெண்டோ'. மெல்லத் தொடங்கி ஏறுகிறது. இறுதியில் மொத்தக் குழுவின் தலைக்கு மேல் கேட் ஆண்டர்சனின் டிரம்பெட்.

27 சுற்று என்றால் 324 பார், 1,296 தட்டு, ஆறு நிமிடத்துக்கு மேல். அதில் 11 பேர் கருவியைத் தொடவில்லை. டெனர், பேஸ், டிரம்ஸ், இடையிடையே பியானோ ஆகியவை மட்டும்தான்.

கொன்சால்வஸ் என்ன செய்கிறார்? வித்தை காட்டுவார் என்று எதிர்பார்த்துக் கேட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பெரும்பாலும் கருவியின் நடு ஸ்தாயியிலேயே இருக்கிறார். எட்டெட்டுச் சுரமாகப் பாரை நிரப்பிக்கொண்டு, கூர்மை மழுங்கிய, காற்று கலந்த ஒலியில் வளைந்து வளைந்து போகிறார். ஒரு சிறு சொல்லைப் பிடித்து, மேல்கணு வரிசையில் ஒருமுறை, நடுக்கணு வரிசையில் கார்டு மாறியதற்கேற்ப ஒரு சுரம் மட்டும் மாற்றி இன்னொரு முறை, பிறகு அதை விட்டுவிட்டு ஓட்டம். அடிக்கணு வரிசையின் இறுதியில் மூச்சு. மறுபடி புதுச் சொல். அவருடைய மிகச் சிறந்த சோலோ இது அல்ல என்று சொல்லும் விமர்சகர்கள் உண்டு. சுரக் கற்பனையை மட்டும் வைத்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. மெதுவான பாட்டுகளில் அவர் இதைவிட நுணுக்கமாக வாசித்திருக்கிறார். ஆனால் இந்த ஆறு நிமிடத்தின் பெருமையை சாக்ஸபோனில் மட்டும் தேடுவதுதான் தவறு என்பேன். இது நான்கு பேரின் வேலை. அதிலும் இரண்டு பேரின் உழைப்பு காதில் எளிதில் விழாது.

ஒன்று ஜிம்மி வுட்டின் பேஸ். தட்டுக்கு ஒரு சுரம், பாருக்கு நான்கு, நிற்காமல். 1,296 தட்டையும் அவர்தான் சுமக்கிறார். கார்டு எப்போது மாறுகிறது என்பதை நமக்குச் சொல்வதும் அவர் விரல்தான். இரண்டு, வுட்யார்டின் டிரம்ஸ். வலது கை, தாளம் ஓட்டும் உலோகத் தகடான ரைட் சிம்பலில் ஓட, 2, 4 தட்டுகளில் ஓங்கி ஓர் அடி. 1, 3-இல் கைதட்டிப் பழகிய காதுக்கு இது எதிர்த் தட்டாகத் தோன்றும். அந்த 2, 4 மேல் உங்கள் கையைச் சேர்த்துவிட்டால் பாட்டின் ஓட்டத்தில் நீங்களும் நடக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

நீளமான சோலோ எங்கே உடையும் என்று தெரிந்தால் இவர்கள் எதைக் காப்பாற்றினார்கள் என்பது புரியும்.

1. வேகம் ஏறுவது. கூட்டம் கத்தத் தொடங்கியதும் டிரம்மரின் கை தானாக ஓடும். வேகம் கூடக்கூட இரட்டைச் சுரங்களில் முன்னது நீளம், பின்னது குட்டை என்ற ஸ்விங் விகிதம் தட்டையாகிவிடும். ஆட்டம் போய் ஓட்டம் மட்டும் மிஞ்சும்.
2. உச்சத்தைச் சீக்கிரம் செலவழிப்பது. ஐந்தாவது சுற்றிலேயே உச்ச ஸ்தாயிக்குப் போய் அலறிவிட்டால் மீதி 22 சுற்றுக்கு எங்கே போவது? கொன்சால்வஸ் நடுவிலேயே தங்கியதன் பலன் பதினைந்தாவது சுற்றுக்கு மேல் தெரியும்.
3. மற்றவர்கள் பொறுமை இழப்பது. சோலோவுக்குப் பின்னால் டிரம்பெட்டும் டிராம்போனும் சிறு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் குட்டித் தொடர், போட்டு ஏற்றிவிடுவது பிக் பேண்டில் சாதாரணம். அன்று கருவியால் யாரும் உள்ளே வரவில்லை. எலிங்டனும் மற்றவர்களும் குரலால்தான் ஏற்றிவிட்டார்கள். அந்தக் கூச்சல் பதிவில் தெளிவாகக் கேட்கும்.

ஏழாவது சுற்று அளவில் ஏதோ உடைந்து திறந்தது. முன்பக்க இருக்கை ஒன்றில் கறுப்பு உடையணிந்த, வெளிர்பொன் நிறக் கூந்தல் கொண்ட ஒரு பெண் எழுந்து ஆடத் தொடங்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். மேடையின் முன்னோரத்தில், கூட்டத்தின் கண்ணுக்குப் படாத இடத்தில், பேஸி குழுவின் பழைய டிரம்மர் ஜோ ஜோன்ஸ் இருந்தார். அன்று வாசித்து முடித்திருந்தவர், கையில் ஒரு செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக்கொண்டு மேடை விளிம்பில் தாளத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார். சாக்ஸபோன் வரிசை அதைப் பிடித்துக்கொண்டது, பிறகு டிராம்போன் வரிசை. டிரம்ஸ் உலகின் பெரும் மூத்தவர் ஒருவர் இன்னொருவரின் மேடைக்குக் காகிதச் சுருளால் தாளம் போட்டுக் கொடுத்தார்! சோலோ முடிவதற்குள் ஏறத்தாழ 7,000 பேர் கொண்ட கூட்டத்தில் பெரும்பாலோர் நின்றுகொண்டிருந்தார்கள், பலர் நாற்காலி மேல்.

விழா அமைப்பாளர் ஜார்ஜ் வைன் கலவரம் ஆகிவிடுமோ என்று பயந்து நிறுத்தச் சொன்னார். எலிங்டன் நிறுத்தவில்லை. ஆனால் அனலையும் மேலே ஏற்றவில்லை. ஹாட்ஜஸை முன்னால் அழைத்து இரண்டு பாட்டு வாசிக்க வைத்தார்.

ஒலிவாங்கி தவறியது எப்படி

மேடையில் இரண்டு ஒலிப்பதிவுகள் ஒரே நேரத்தில் ஓடின. கொலம்பியா நிறுவனம் தன் ஒலிவாங்கிகளை வைத்திருந்தது. அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா தன்னுடையதைத் தனியாக வைத்திருந்தது. இரண்டும் மோனோ, அதாவது ஒரே தடம். கொன்சால்வஸ் சோலோவுக்கு முன்னால் வந்தபோது வானொலியின் ஒலிவாங்கிக்கு எதிரே நின்று வாசித்துவிட்டார்.

விளைவு எளிய கணக்கு. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் நேரடி ஒலி 6 டெசிபல் குறையும். நான்கு மடங்கானால் 12. டெனரின் மணிவாய் வேறு பக்கம் திரும்பியிருந்தால் அதன் கூர்மையான பகுதி இன்னும் அதிகமாக இழக்கும். அதே நேரம் டிரம்ஸ், கூட்டம் இவற்றின் தூரம் மாறவில்லை. ஆகவே கொலம்பியா நாடாவில் வுட்யார்டும் ஜனங்களும் முன்னால், கொன்சால்வஸ் பின்னால். 1956 தட்டு வாங்கியவர்கள் கேட்டது அதைத்தான். அந்த இரவின் நாயகன் பக்கத்து அறையில் வாசிப்பதுபோல இருந்தது.

1956 தட்டில் இருந்தது எவ்வளவு நிஜம்

'டிமினுவெண்டோ அண்ட் கிரெசெண்டோ' மேடையில் வாசித்ததேதான். தூரம் குறையாக இருந்தாலும் அதைத் திரும்ப உருவாக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மற்றவை அப்படி இல்லை. புதிதாக எழுதிய 'ஃபெஸ்டிவல் ஸ்வீட்' போதிய ஒத்திகை இல்லாமல் மேடையேறியதால் எலிங்டனுக்குத் திருப்தி இல்லை. தயாரிப்பாளர் ஜார்ஜ் அவாகியன் ஜூலை 9, திங்கட்கிழமை, நியூயார்க்கில் ஸ்டூடியோவை ஏற்பாடு செய்திருந்தார். அங்கே மறுபடி வாசித்து, கைதட்டலையும் அறிமுகப் பேச்சையும் மேலே சேர்த்து, தட்டாக்கினார்கள். ஹாட்ஜஸின் 'ஜீப்ஸ் ப்ளூஸ்' கூட அப்படித்தான் மாறியது. அந்த எல்.பி.யில் உண்மையான மேடைப் பதிவு பாதிக்கும் குறைவு.

அன்றைய தொழில் வழக்கத்தில் இது அதிசயம் இல்லை. தவறில்லாத வாசிப்பை விற்க வேண்டும் என்பது நேர்மையான அக்கறையே. என்றாலும் 'நியூபோர்ட்டில்' என்று அட்டையில் போட்டு ஸ்டூடியோக் கைதட்டலைக் கொடுத்தது, நாற்பது ஆண்டு கேட்டவர்களுக்குச் செய்த குறை என்றே நினைக்கிறேன். ஸ்வீட்டின் மேடை வாசிப்பில் சில தடுமாற்றங்கள் இருந்தாலும் அதில் உயிர் இருந்தது.

1999-இல் என்ன செய்தார்கள்

வானொலியின் நாடா அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருப்பது 1990-களில் தெரியவந்தது. கொன்சால்வஸ் நேர் எதிரே நின்று ஊதிய அதே ஒலிவாங்கியின் நாடா. பதிவு ஆய்வாளர் ஃபில் ஷாப் அதையும் கொலம்பியா நாடாவையும் சேர்த்து, ஒன்றை ஒரு காதுக்கும் மற்றதை மறு காதுக்கும் கொடுத்தார். இரண்டு மோனோ பதிவுகள், ஒரே கணத்தில், மேடையின் சற்றே வேறுபட்ட இடங்களில் பதிவானவை. அதனால் ஸ்டீரியோவுக்குரிய இடஅகலம் கிடைத்தது. 1956-இல் யாரும் திட்டமிடாத ஸ்டீரியோ அது.

கேட்க எளிதாக இருக்கிறது, செய்வது அப்படி அல்ல. இரண்டு நாடா இயந்திரங்கள் ஒருபோதும் ஒரே வேகத்தில் ஓடா. ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால்கூட 14 நிமிட முடிவில் 0.84 விநாடி விலகிவிடும். இந்தப் பாட்டின் வேகத்தில் அது ஏறத்தாழ மூன்று தட்டு. தொடக்கத்தை மட்டும் பொருத்தினால் போதாது. வேகம் இடையிடையே அசைவதால் வழிநெடுக மறுபடி மறுபடி சரிக்கட்ட வேண்டும். சில மில்லிவிநாடி தப்பினாலும், இரண்டும் கலக்கும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்து, குழாய்க்குள் பேசுவதுபோன்ற ஒலி வரும்.

இதில் நடைமுறைக்கு ஒரு குறிப்பு: 1999 பதிப்பை ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். இரு தடமும் ஒன்றாகக் கலந்து, பிரித்துக் கொடுத்த பலன் போய்விடும். ஹெட்போன் தேவை. பேஸின் அடித்தந்தியின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். போனின் சிறு ஒலிபெருக்கியால் அதைத் தர முடியாது. அந்த வழியில் கேட்டால் வுட்டின் வேலை கிட்டத்தட்ட மறைந்துபோகும், 27 சுற்றும் ஆதாரம் இல்லாமல் தொங்கும்.

பின்விளைவு

ஆறு வாரம் கழித்து, 1956 ஆகஸ்ட் 20 தேதியிட்ட 'டைம்' இதழின் அட்டையில் எலிங்டன். அந்த எல்.பி. அவருடைய தட்டுகளிலேயே அதிகம் விற்றது. தான் பிறந்ததே 1956 நியூபோர்ட்டில்தான் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொள்வார். குழு கலையவில்லை, 1974-இல் அவர் மறையும் வரை ஓடியது. 1963-இல் அமெரிக்க அரசு ஏற்பாட்டில் மேற்கு ஆசியா வழியாக இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அந்தக் குழு வந்தபோது டெனர் நாற்காலியில் கொன்சால்வஸ்தான் இருந்தார். அந்தப் பயணத்திலிருந்துதான் 'ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்' பிறந்தது. கொன்சால்வஸுக்கு மட்டும் ஒரு சுமை சேர்ந்தது. போகுமிடமெல்லாம் ரசிகர்கள் அந்த நீண்ட சோலோவையே கேட்டார்கள். அவருக்குள் இருந்த மென்மையான மெல்லிசை வாசிப்பாளரைத் தேடியவர்கள் குறைவு. 1974 மே 15-இல் அவர் லண்டனில் இறந்தார். ஒன்பது நாள் கழித்து எலிங்டன்.

கேட்கும் முறை

1999 பதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 27 சுற்றுப் பகுதியை மட்டும் மூன்று முறை கேட்கலாம். முதல் முறை சாக்ஸபோனை முழுக்க மறந்து பேஸை மட்டும் தொடருங்கள், விரல் கணுவோடு. இரண்டாம் முறை 2, 4 அடி. கூடவே மேடையின் கூச்சல்கள் எந்தச் சுற்றில் அடர்கின்றன என்று கவனியுங்கள். மூன்றாம் முறைதான் கொன்சால்வஸ். அதற்குப் பிறகு 1956 பிரதியில் அதே பகுதியை ஒரு நிமிடம் போட்டுப் பாருங்கள். தூரம் என்ன செய்துவிடுகிறது என்பது ஒரே நொடியில் தெரியும்.

உருப்படி முடிந்ததும் நிறுத்திவிட வேண்டாம். அடுத்த தடத்தின் பெயரே 'அறிவிப்புகள், அமளி' என்ற பொருளில் இருக்கிறது. கூட்டத்தின் இரைச்சல், அமைதியாக இருக்கச் சொல்லும் குரல்கள். அதன் பிறகு ஜானி ஹாட்ஜஸ் எழுந்து 'ஐ காட் இட் பேட்' தொடங்குகிறார். வேகம் பாதிக்கும் கீழே. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு அவசரமே இல்லாமல் வழுக்கிப் போகிறார். சற்று முன் நாற்காலி மேல் ஏறி நின்ற கூட்டம் மெல்ல மெல்ல அடங்கி, அந்த ஒற்றை ஆல்ட்டோவுக்குக் காது கொடுப்பது பதிவிலேயே கேட்கும்.